வணிகமும் வினாவும்

(கண்டரமாணிக்கத்தில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வணிகர் அவையில் வணிகத்தைப் பற்றித் தமிழாசிரியன் பேசப் புகுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், வினாக்களோடு பழகுவது என் தொழில். அவ்வுரிமை பற்றியே இங்கு நிற்கிறேன்.

நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தார். தான் விடையறிந்திருந்தும் பிறர் அறிவை அளக்க வினவுவது அறிவினா. அறியாததை அறிந்துகொள்ள வினவுவது அறியாவினா. கடைக்காரரிடம், 'பருப்பு இருக்கிறதா?' என்பது கொளல்வினா. பையனிடம், 'கடையைத் திறந்தாயா?' என்பது ஏவல்வினா. வடிவால் அது வினா, பொருளால் கட்டளை.

இவற்றுள் வணிகத்துக்கு உயிராவது அறியாவினாவே என்பது என் துணிபு. கொள்ள வந்தவர் கேட்டதற்கு, 'இருக்கிறது, விலை இவ்வளவு' என்று விடையிறுப்பவன் சரக்கை மட்டும் விற்கிறான். 'எதற்காக வேண்டும்? எத்தனை பேருக்கு? முன்பு வாங்கியதில் என்ன குறை கண்டீர்கள்?' என்று வினவுகிறவனோ வந்தவரின் தேவையை அறிந்து கொடுக்கிறான். அவனிடமே அவர் மறுமுறையும் வருவார்.

நிற்க. விற்போரை நடத்தும் தலைவர்க்கு இது இன்னும் இன்றியமையாதது. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் சென்னையில் ஒரு கம்பெனியின் சரக்கைக் கடைகளுக்கு விற்கும் வேலையில் இருந்தான். அவன் அதிகாரி மாதந்தோறும் கேட்ட வினா ஒன்றே: 'இம்மாத அளவை முடித்துவிடுவாய் அல்லவா?' இவனும், 'முடித்துவிடுவேன்' என்பான். மாதக் கடைசியில் வேண்டாத சரக்கையும் கடைக்காரர் தலையில் கட்டுவான். அடுத்த மாதம் அது திரும்பி வரும். முடிவில் பழி அவன் மேல் விழுந்து வேலை போயிற்று. பொங்கலுக்கு ஊர் வந்தவன், "ஐயா, எது விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்று ஒருவராவது கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன்" என்று கண் கலங்கினான். வகுப்பில் 'புரிந்ததா?' என்று கேட்டு, 'புரிந்தது, ஐயா' என்ற விடையிலே மகிழ்ந்து போனவன் நான். அன்று என்னையே நொந்துகொண்டேன்.

நம் முன்னோர் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தை எண்ணிப் பாருங்கள். முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து கடையை நடத்துவார். இருவர்க்கும் இடையே நின்றவை கடிதமும் கணக்குமே. கொடுத்தது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்பதைக் கணக்கு ஐயமறக் காட்டும். கடன் பெற்ற குடியானவர் கையில் அறுவடைக்குப் பின் எஞ்சுவது யாது என்பதை அது காட்டாது. வினவித்தான் அறிய வேண்டும். 1930-இல் நெல் விலை சரியவே, கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாகத் திரும்பிற்று. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில், நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் 25 பங்கு. நிலம் இழந்த பர்மியர் மனம் புண்பட்டது. பணம் வேண்டிய நம்மவர்க்கோ முதல் மண்ணில் முடங்கிற்று. 1942-இல் போர் வந்தது. 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியை எவர் வினாவும் தடுத்திராது. ஆயினும், 'விலை பாதியானால் இவர் என் செய்வார்?' என்ற வினா கடன் கொடுக்குமுன் எழுந்திருந்தால், இரு திறத்தார்க்கும் இழப்புச் சிறுத்திருக்கும்.

ஆதலின், தொழில் நடத்தும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களிடம் வேலை செய்வோரை விடை தெரியாதவர் போல் அன்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு வினவுங்கள். வினவியபின் விடை வரும் வரை பொறுத்திருங்கள். உள்ளதைச் சொன்னவனைச் சினவாதீர்கள். ஒருமுறை சினந்தால், மறுமுறை உங்கள் செவிக்கு இனியதே வரும், உண்மை வாராது. இளைஞர்களே! 'எனக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள்' என்று கேட்க நாணாதீர்கள். அந்நாணத்தால் வரும் நட்டம் எந்தப் பேரேட்டிலும் தனியே எழுதப்படுவதில்லை; ஆனால் முதலை அது அரித்துவிடும்.