உயரம் ஒரு குறையல்ல
(நூற்றாண்டு விழா உரை)



நாங்கள் படித்த காலத்தில் உயரமான பிள்ளைக்குக் கடைசி வாங்கும், ஒரு பட்டப்பெயரும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் 1979இல் பிறந்த தர்ஜினி சிவலிங்கமும் சிறுவயதில் உயரத்துக்காகக் கேலி செய்யப்பட்டவர்தான். அவருடைய உயரம் 6 அடி 10 அங்குலம்.

அந்த உயரம்தான் அவரை இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்குக் கொண்டு வந்தது. 2009, 2018, 2022ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆசியச் சம்பியனானபோது கோல் போட நின்றவர் அவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அதிக கோல் போட்டவரும் அவரே. அவுஸ்திரேலியாவிலும் விளையாடினார். கடைசியாகச் சொன்ன ஆசிய வெற்றியின்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார்.

உயரம் மட்டும் போதாது, தங்கைகளே. கூடைப்பந்தைப் போல வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை. பந்து நேராக வளையத்துக்குள் விழ வேண்டும். அது பயிற்சியால் வரும் கை.

எங்கள் தோட்டங்களில் பிள்ளை பெரிய பிள்ளையானதும் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்கிறோம். வைத்தியர்களாக நாங்கள் பார்ப்பது, இரத்தச்சோகையோடு கூனி நடக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகளை.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: வட்டவளையில் மழை விட்ட மாலைகளில் விளையாட நிற்கும் பிள்ளைக்கு ஒரு வேளை சத்தான சாப்பாடும், லயம் வரை வழித்துணையும் கொடுப்போம். தாய்மாரே, நீங்கள் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுங்கள்.