காலில் ஒட்டிய மணல்



சித்திரைப் புத்தாண்டு விழாவில், ஆண்டுப் பிறப்பின் பயன் யாது என்பது பற்றிப் பேசுமாறு அடியேனைப் பணித்துள்ளீர்கள். விடை தேடிச் சற்றே கடல் கடந்து செல்வோம். முன்னாளில் சயாம் எனப்பட்ட தாய்லாந்து, பௌத்தம் தழைத்த நாடு. எனினும் நமக்கு முற்றும் அயலானதன்று. பாங்காக் நகரில் 1784ஆம் ஆண்டு எழுந்த தேவஸ்தானம் என்னும் கோயிலில், அந்நாட்டு அந்தணர் ஆண்டுதோறும் சிவபெருமானை மண்ணுலகிற்கு வரவேற்று விழா எடுக்கின்றனர். அவ்விழாவின் பெயர் திரியம்பாவாய். கேட்டவுடனே மணிவாசகப் பெருமானின் திருவெம்பாவை நினைவுக்கு வருகின்றதன்றோ? அவர்கள் ஓதும் மந்திரங்களில் அத்திருப்பாட்டு ஒலி திரிந்தும் உயிர் வாழ்கின்றது.

இனி, அந்நாட்டு மக்களின் ஆண்டுப் பிறப்பைக் காண்போம். அதனைச் 'சொங்க்ரான்' என்பர். சங்கிராந்தி என்னும் சொல்லே அங்ஙனம் திரிந்தது. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை அது நிகழும். 1941 முதல் அரசுக் கணக்கில் ஆண்டு ஜனவரியில் பிறப்பினும், மக்கள் நெஞ்சில் இத்திருநாள் மங்கவில்லை. 2023இல் யுனெஸ்கோவும் இதனை மானுட மரபுச் செல்வமாக ஏற்றது.

தெருவெங்கும் ஒருவர்மேல் ஒருவர் நீரை வாரி இறைக்கும் ஆரவாரமே வெளியார் கண்ணிற் படுவது. அது புறம், அகம் வேறு. இளையோர் பெற்றோரையும் பெரியோரையும் அமரச் செய்து, அவர்தம் உள்ளங்கைகளில் மலர் இட்ட நறுநீரை வார்த்து வாழ்த்துப் பெறுகின்றனர். புத்தர் திருவுருவங்களுக்கும் நறுநீர் வார்க்கின்றனர்.

அடியேன் நெஞ்சை உருக்கிய வழக்கம் ஒன்று உண்டு. மக்கள் மணலைச் சுமந்து சென்று, கோயில் முற்றத்திற் குவித்து, சிறு கோபுரங்களாக்கி, மலரும் கொடியும் சூட்டுகின்றனர். ஏன்? ஆண்டு முழுதும் கோயிலுக்குச் சென்று வந்த காலில் ஒட்டிய மணல், தம்மை அறியாமலே வீட்டிற்கு வந்துவிட்டதாம். அது கோயிற்பொருள்; திருப்பித் தருதல் கடன் என்பது அவர் கருத்து. அம்மணல் பின்னர்க் கோயில் திருப்பணிக்கே பயன்படும்.

அன்பர்களே! சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழி நம்முடையது. சண்டேசுர நாயனார் திருமுன்னர் வெறுங்கையைத் துடைத்துக் காட்டி, "ஒன்றும் கொண்டு செல்லவில்லை" என்று உணர்த்தி வருவதும் நம் வழக்கமே. கை துடைத்தோம், கணக்குத் தீர்த்தோமா? கோயில் நிலத்தை உழுதுண்போர் குத்தகை நெல்லை நிலுவையின்றி அளந்தனரா? கோயிற் கடையில் வாணிகம் செய்வோர் வாடகையைத் தவறாது செலுத்தினரா?

பிறரை வினவுமுன் என்னை வினவினேன். எங்கள் ஊர்க் கோயில் நூல்நிலையத்திலிருந்து இரவலாகப் பெற்ற பெரியபுராண உரைநூலொன்று, இருபது ஆண்டுகளாக என் வீட்டில் இருக்கின்றது. அதனைப் பார்த்துப் பார்த்துத்தான் உங்களுக்குப் புராணம் சொல்லி வந்தேன்! ஓட்டிய மணலுக்கே அஞ்சுவோர் உலகில் உளர் என அறிந்தபின், அந்நூல் எனக்குப் பெருஞ்சுமையாயிற்று. இன்று காலை அதனை ஒப்படைத்துவிட்டே இம்மேடை ஏறினேன்.

ஆண்டு தானே பிறக்கும். அதற்கு நம் முயற்சி வேண்டுவதில்லை. பட்ட கடனை உணர்ந்து தீர்ப்பவனுக்கே அது புத்தாண்டு. இன்று இல்லம் சென்றதும் ஒவ்வொருவரும் தத்தம் காலை ஒருமுறை நோக்குங்கள். எம்பெருமான் நமக்கு நல்லுணர்வு அருள்வானாக!

திருச்சிற்றம்பலம்.