நீருக்கு அஞ்சாத ஒளியிழை வடம்



சென்ற ஆண்டு நம் பள்ளிச் சாலையோரத்தில் ஒளியிழை வடம் புதைக்கப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியோருள் நம் மாணவர் சிலரின் தந்தையரும் இருந்தனர். வடத்தினுள் நீர் புகக் கூடாது என்று அங்கே சொல்லக் கேட்ட மாணவன் ஒருவன், "கண்ணாடிக் குவளையில் நீர் வைக்கிறோமே, கண்ணாடி இழைக்கு மட்டும் நீரால் என்ன கேடு?" என்று நம்மிடம் வினவினான். நல்ல வினா.

கண்ணாடி இழை வழியே செய்தி அனுப்ப இயலும் என்பதைச் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் ஆகிய இருவரும் 1966-இல் ஆய்ந்து வெளியிட்டனர். அவ்விழையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்கள் உண்டு. இழை இழுபட்டிருக்கும்போது, நீர் அக்கீறலின் முனையில் சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பை அறுக்கிறது. கீறல் மெல்ல வளர்ந்து, ஒருநாள் இழை முறிகிறது.

ஆகவே, காவல்மேல் காவல் வைத்தனர். இழையின்மேல் அக்ரிலேட் பூச்சு. இழைகள் கிடக்கும் குழாயினுள் ஜெல். குழாய்களைச் சுற்றி, நீர் பட்டதும் உப்பி வழியை அடைக்கும் நாடா. அனைத்துக்கும் மேலே பாலிஎத்திலீன் உறை. கடலடி வடங்களிலோ இழைகளை உலோகக் குழாயினுள் வைத்து மூடுகின்றனர். 2020-இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை – அந்தமான் வடம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுடையது.

நிலத்தடி வடத்துக்கு ஒரு சோதனை உண்டு. 3 மீட்டர் நீளத் துண்டைக் கிடத்தி, ஒரு முனையில் 1 மீட்டர் உயர நீரின் அழுத்தம் தந்து, 24 மணி நேரம் விடுவர். மறுமுனையில் நீர் கசிந்தால் வடம் தேறவில்லை என்பது பொருள். நீர் புகவே கூடாதென்று இச்சோதனை கேட்பதில்லை என்பதைக் கருதுக. என்றேனும் மண்வெட்டி பட்டு உறை கிழியலாம். கிழிந்த இடத்தில் புகுந்த நீர் அப்பால் பரவக் கூடாது என்பதே கட்டளை. பரவாவிடின், கெட்ட பகுதியை மட்டும் நீக்கி இணைத்தால் போதும். பரவினாலோ, நெடுந்தூரம் மாற்றவேண்டிவரும்.

மாணவர்களே! பள்ளம் தோண்டிய கைகளை நாம் வணங்குகிறோம். ஆயினும், அப்பள்ளத்தினுள் கிடப்பதை வடிவமைக்கும் கைகளும் சோதித்துத் தேர்வு சொல்லும் கைகளும் நம் இல்லங்களிலிருந்து வரவேண்டாமா? அதற்கு வேண்டிய பௌதிகமும் வேதியியலும் உங்கள் பாடநூலிலேயே தொடங்குகின்றன. கேளுங்கள், அம்மாணவனைப் போலக் கேளுங்கள்.