மூடிய செயலி எங்கே இருக்கிறது?



திறன்பேசியில் ஒரு செயலியை விட்டு வெளியேறினால், அது முடிந்துவிட்டதென்று கருதுகிறோம். உண்மை அதுவன்று. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் அதனை நினைவகத்திலேயே வைத்து உறங்கச் செய்கின்றன. பின்னணியில் பாடலோ வழிகாட்டலோ நிகழ்த்துவது போன்ற பணிகளைச் செய்யும் செயலிகள் விதிவிலக்கு.

உறங்கும் செயலி மின்கலத்தைக் கரைப்பதில்லை. அதனை ஓயாது தள்ளி நீக்கினால், மறுமுறை முதலிலிருந்து தொடங்கவே கூடுதல் ஆற்றல் செலவாகும்.

நினைவகத்தில் இடம் குறையும்போது, முக்கியத்துவம் குறைந்த செயலியை இயங்குதளமே அகற்றிவிடும், பயனரிடம் கேட்பதில்லை. சேமிக்காத கட்டுரை அவ்வேளையில் அழியக்கூடும். ஆகவே மாணவர்களே, வேறு செயலிக்குச் செல்லுமுன் எழுதியதைச் சேமித்துவிடுங்கள்.

ஆசிரியர்களே, வெளியேறுதல், உறங்குதல், அகற்றப்படுதல் ஆகிய மூன்றையும் 'மூடுதல்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதே இக்குழப்பத்திற்கு வேர். வகுப்பறையில் இவற்றைப் பிரித்தே வழங்குவோம்.