உரசினாலே கொப்புளிக்கும் தோல்

சட்டையின் உள்தையல் உரசினாலே தோல் கொப்புளித்து உரிந்துவிடுகிற குழந்தைகள் இருக்கிறார்கள். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்பது அந்த நோயின் பெயர். மேல்தோலை உறுதியாகப் பிடித்து வைக்கும் புரதங்களில் பிறவியிலேயே உள்ள குறைதான் காரணம். இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம். எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அந்தக் குழந்தைகளின் வீடுகளில் கட்டு மாற்றும் வேளைதான் பெரும் சோதனை. ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்ல எடுப்பார்கள். புதுக் கொப்புளத்தைக் கிருமி நீக்கிய ஊசியால் குத்தி நீரை வடிப்பார்கள்; விட்டுவைத்தால் அது பரவும். மேலே உள்ள தோலை மட்டும் உரிக்க மாட்டார்கள். பிறகு ஒட்டாத சிலிகான் கட்டு. மணிக்கணக்கில் ஆகும். பிள்ளையோடு சேர்ந்து தாயும் அழுவாள்.

2015-இல் ஜெர்மனியின் போஹும் நகரில், இந்த நோயால் உயிருக்குப் போராடிய 7 வயதுச் சிரியச் சிறுவனுக்கு, மரபணுவைச் சரிசெய்து வளர்த்த தோலை உடலின் சுமார் 80 சதவீதப் பரப்பில் வைத்துக் காப்பாற்றினார்கள். 2023-இல் அமெரிக்கா இந்த நோயின் ஒரு வகைக்கு மரபணு சிகிச்சை ஜெல்லை அனுமதித்தது. அதன் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது என்பதுதான் வேதனை.

இப்படி ஒரு பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அடியில் கைவைத்து ஏந்துங்கள். பிளாஸ்திரி ஒட்டவே கூடாது. "போன ஜென்மத்துப் பாவம்" என்ற பேச்சு வேண்டாம். பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தாய் தூங்கட்டும்.