உயரம் அறியாமல் காரை விடாதே!

ஜப்பானிய மலைகளுக்கும் கடலோர நகரங்களுக்கும் இலையுதிர்காலத்தில் காரில் செல்வோர் கவனிக்க வேண்டியவை

தொலைக்காட்சிக் கருத்துமேடை உரை



ஆண்டு முழுவதும் ஒரே பச்சையைப் பார்த்துப் பழகியவர்கள் மலேசிய, சிங்கப்பூர் மக்கள். செம்பனைத் தோட்டம் மார்ச்சிலும் பச்சை, அக்டோபரிலும் பச்சை. ஒரு மலை முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக மாறுவதை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்கு இருப்பதில் வியப்பில்லை. தீபாவளி விடுமுறையிலோ ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையிலோ குடும்பத்தோடு ஜப்பானுக்குச் சென்று, ஒரு காரை வாடகைக்கு எடுத்து, மலையையும் கடலையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று பல குடும்பங்கள் இன்று திட்டமிடுகின்றன. அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்; ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஆகவே துணிச்சலும் தானாக வந்துவிடுகிறது.

துணிச்சல் நல்லதுதான். ஆனால், திட்டத்தை எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலோர் முதலில் விமானச் சீட்டை வாங்குகிறார்கள். பிறகு அழகான படங்களைப் பார்த்து இடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். கடைசியாக ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு நாள்களைப் பிரிக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் இந்தக் கணக்குப் பலிக்காது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" என்பது. அடுத்த கேள்வி, "அங்கே எத்தனை மணிக்கு இருட்டும்?" என்பது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். இந்தப் பயணத்தைப் பொறுத்தவரை, உயரம் அறியாமல் காரை விடாதே!

நிறம் மலையிலிருந்து இறங்கி வரும்

ஜப்பானில் வசந்தகாலச் செர்ரி மலர்கள் தெற்கே தொடங்கி வடக்கே செல்லும். இலைகளின் நிறமாற்றமோ வடக்கே தொடங்கித் தெற்கே வரும். மலை உச்சியில் தொடங்கிச் சமவெளிக்கு இறங்கும். காரணம் குளிர். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அப்படியானால் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடம், கடலோர நகரத்தைவிட 12 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். அதனால் ஒரே வட்டாரத்தில், ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே நிறம் மாறும் காலம் ஒரு மாதத்துக்கு மேலும் வேறுபடும்.

மலையும் கடலும் சேர்ந்த ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் நடுப்பகுதியில், மேற்குக் கரையில் இருப்பவை கனாசாவா, தொயாமா ஆகிய இரு நகரங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர்தான். அவற்றின் பின்னால் 3,000 மீட்டரை எட்டும் மலைத்தொடர். மலைகளுக்கு நடுவே தகாயாமா என்ற பழைய நகரம், ஷிராகாவா-கோ என்ற வைக்கோல் கூரைக் கிராமம், கமிகோச்சி என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஷிராகாவா-கோ 1995-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு வாரப் பயணத்துக்கு ஏற்ற வட்டாரம் இது.

இப்போது உயரத்தைப் பாருங்கள். தத்தேயாமா மலைப்பாதையின் உச்சியான முரோதோ 2,450 மீட்டர். அங்கே செப்டம்பர் இறுதியிலேயே நிறம் உச்சத்துக்கு வந்துவிடும். கமிகோச்சி சுமார் 1,500 மீட்டர். அங்கே அக்டோபர் நடுப்பகுதி முதல் மாத இறுதிவரை. ஷிராகாவா-கோவும் தகாயாமாவும் 500 மீட்டரை ஒட்டியவை. அங்கே அக்டோபர் இறுதியும் நவம்பர் தொடக்கமும். கடலோரக் கனாசாவாவில் இருக்கும் புகழ்பெற்ற கென்ரோக்குவென் தோட்டத்திலோ நவம்பர் நடுப்பகுதியும் அதற்குப் பிறகும்தான்.

ஆக, ஒரே வாரத்தில் இவை எல்லாவற்றையும் உச்ச நிறத்தில் பார்க்க எவராலும் முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேப்பிள் இலைகள் சிவக்கும் நாள் பல பத்தாண்டுகளாகத் தள்ளிப்போய்க்கொண்டே வருவதை ஜப்பானிய வானிலை ஆய்வு அமைப்பின் பதிவுகள் காட்டுகின்றன. பத்தாண்டுக்கு முன் போய்வந்தவர் சொல்லும் தேதியை அப்படியே நம்பிச் சீட்டு வாங்குவது சரியாக வராது.

தேதிக்கு ஏற்ற பாதை

விடுமுறை நாளை மாற்ற முடியாதவர்கள் பாதையை மாற்றிக்கொள்ளலாம்.

அக்டோபர் முதல் பாதியில் செல்வோர் தொயாமாவில் தங்கி, தத்தேயாமாவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாம். அந்த மலைப்பாதையில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை; அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு, கேபிள் காரிலும் பேருந்திலும் ஏற வேண்டும். தகாயாமாவின் இலையுதிர்காலத் தேர்த்திருவிழா ஆண்டுதோறும் அக்டோபர் 9, 10 ஆகிய நாள்களில் நடைபெறுகிறது. அந்த இரண்டு நாளும் தங்குமிடம் கிடைப்பது கடினம்.

அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் வாரமும்தான் கார்ப் பயணத்துக்கு மிகப் பொருத்தமானவை. கனாசாவாவில் புறப்பட்டு, ஷிராகாவா-கோ, தகாயாமா வழியாகக் கமிகோச்சிவரை செல்லலாம். தீபாவளி இந்த வாரங்களில் வரும் ஆண்டுகளில் நம்மவர்களுக்கு இது வசதி. ஆனால் நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள், பொது விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியில் மலைச்சாலைகளில் நெரிசல் அதிகம்.

நவம்பர் பிற்பகுதியில் செல்வோர்தான் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்குவதும் அப்போதுதான். ஆனால் கமிகோச்சி நவம்பர் நடுப்பகுதியில் மூடப்பட்டால், மீண்டும் திறப்பது ஏப்ரல் நடுப்பகுதியில்தான். ஷிராகாவா-கோவிலிருந்து ஹாக்குசான் மலை வழியாக இஷிகாவா மாநிலத்துக்குச் செல்லும் 33.3 கிலோமீட்டர் 'வொய்ட் ரோடு' கட்டணச் சாலையும் நவம்பர் முற்பகுதியோடு சரி. கோடையிலும் அது இரவில் மூடப்படும். மழையாலும் மண்சரிவாலும் இடையில் மூடப்படுவதும் உண்டு. பல மாதங்களுக்கு முன்பே அறை பதிவுசெய்து, பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போய், மூடிய கேட்டைப் பார்த்துத் திரும்புவதைவிட வேதனை வேறில்லை. நவம்பர் பிற்பகுதியில் செல்வோர் மலை உச்சிகளை விட்டுவிட்டுக் கனாசாவாவில் கூடுதலாக இரண்டு நாள் தங்கலாம். கென்ரோக்குவென் தோட்டத்தில் இலைகளும் சிவந்திருக்கும். பனியின் பாரத்தில் கிளைகள் ஒடியாமல் இருக்க, பைன் மரங்களைக் கயிறுகளால் கூம்பு வடிவில் கட்டித் தாங்கியிருக்கும் காட்சியையும் காணலாம்.

ஐந்து மணிக்கு இருட்டு

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் மாலை 7 மணிவாக்கில்தான் பொழுது சாய்கிறது. அந்தப் பழக்கத்தோடு போகிறவர்களுக்கு நவம்பர் தொடக்கத்தில் கனாசாவாவில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைவது பெரிய அதிர்ச்சி. பள்ளத்தாக்குகளில் மலையின் நிழல் அதற்கும் முன்பே விழுந்துவிடும்.

இதனால் ஒரு நாளில் பார்க்கத் தகுந்த வெளிச்சம் பத்தரை மணி நேரம்தான். காலையில் குளித்து, உண்டு, பெட்டிகளைக் காரில் ஏற்றிப் புறப்படவே 10 மணி ஆகிவிடும் குடும்பத்துக்கு அதிலும் ஏழு மணி நேரம்தான் மிச்சம். தகாயாமாவிலிருந்து தொயாமா சுமார் 90 கிலோமீட்டர். மலைச்சாலையில் அதற்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அறியாத சாலையில், இருட்டில், வளைவுகளில், பின்னால் உள்ளூர்க்காரர் வண்டி நெருங்கி வர ஓட்டுவது பயணமல்ல, தண்டனை. ஆகவே, மாலை 4 மணிக்குள் அன்றைய தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும் என்று ஒரு விதியை வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஒரு விதியே, திட்டத்தில் இருக்கும் தேவையற்ற இடங்களைத் தானாகக் கழித்துவிடும்.

ஓட்டுநர் அறிய வேண்டியவை

முதலாவது, உரிமம். 1949-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின்படி அச்சிடப்பட்ட அனைத்துலக வாகனமோட்டும் அனுமதி நூல் கையில் இருக்க வேண்டும். மலேசியர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் சிங்கப்பூரர்கள் ஆட்டோமொபைல் சங்கத்திலும் புறப்படுவதற்கு முன்பே அதைப் பெற வேண்டும். கடப்பிதழும் சொந்த நாட்டு உரிமமும் உடன் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சாலை விதிகள். தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம் என்றால் நில் என்று பொருள். வேகத்தைக் குறைத்தால் போதாது, சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மது அருந்தி ஓட்டுபவர் மட்டுமல்ல, தெரிந்தே உடன் பயணம் செய்பவரும் மது கொடுத்தவரும் தண்டிக்கப்படலாம். பெட்ரோல் நிலையத்தில் சாதாரணப் பெட்ரோல் சிவப்புக் குழாய், உயர்தரப் பெட்ரோல் மஞ்சள் குழாய், டீசல் பச்சைக் குழாய்.

மூன்றாவது, மலை இறக்கம். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். நவம்பரில் உயரமான சாலைகளில் பனி விழக்கூடும். பனி படர்ந்த சாலையில் சாதாரண டயருடன் ஓட்டுவது அங்கே விதிமீறல். நவம்பரில் மலைக்குச் செல்வோர் காரைப் பதிவுசெய்யும்போதே பனி டயர் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, தூக்கம். இரவு விமானத்தில் கண்விழித்துப் போய், காலையில் இறங்கிய கையோடு காரை எடுத்து ஐந்து மணி நேரம் ஓட்டுவது ஆபத்தான சிக்கனம். தோக்கியோவிலிருந்து கனாசாவாவுக்கு 2015 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. சுமார் இரண்டரை மணி நேரம்தான். ரயிலில் தூங்கியபடி சென்று, கனாசாவாவில் ஓர் இரவு ஓய்வெடுத்து, மறுநாள் காலையில் காரை எடுக்கலாம்.

குடும்பமும் பயணமும்

ஏழு பேர் அமரும் காரில் ஏழு பேரும் அமர்ந்தால் பெட்டிகளுக்கு இடமில்லை. வயதான பெற்றோரை அழைத்துச் செல்வோர் ஒவ்வோர் இரவும் விடுதி மாற்றுவதைத் தவிர்த்து, கடலோரத்தில் ஓரிடம், மலையில் ஓரிடம் என்று இரண்டு இடங்களில் தங்கினால் போதும். தகாயாமாவில் தங்கி ஹிராயுவரை ஒரு மணி நேரம் ஓட்டி, அங்கே காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் கமிகோச்சி போய்வரலாம். கமிகோச்சிக்கும் சொந்தக் காரில் போக முடியாது.

சைவ உணவு உண்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். காய்கறிச் சூப்பிலும் நூடல்ஸிலும் மீன்சாறு கலந்திருப்பது அங்கே வழக்கம். பௌத்த ஆலய மரபில் வந்த 'ஷோஜின்' உணவு சைவம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிடைக்கும். வழியில் 'மிச்சி நோ எக்கி' எனப்படும் சாலையோர ஓய்விடங்களில் அந்தப் பருவத்து ஆப்பிளும் சீமைப்பனிச்சம்பழமும் வாங்கலாம். 

மலைப்பகுதிகளில் கரடிகள் உணவு தேடி இறங்குவதும் இந்தப் பருவத்தில்தான். 2025 அக்டோபரில் ஷிராகாவா-கோவில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் கரடி தாக்கிக் காயமடைந்தார். அந்திக்குப் பின் நடைபாதைகளில் உலவக் கூடாது. கனாசாவாவுக்கு வடக்கே நீளும் நோத்தோ தீபகற்பம் 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் பெரும் சேதம் கண்டது. அங்கே செல்ல விரும்புவோர் சாலை நிலவரத்தை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, இத்தனை ஏற்பாட்டிலும் பலர் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். அவர்தான் காரை ஓட்டுபவர். பெரும்பாலும் குடும்பத் தலைவர். பின் இருக்கையில் எல்லாரும் சிவந்த மலையைப் படம் எடுக்கும்போது, அவர் கண்கள் வளைவில் இருக்கின்றன. பத்து இடங்களை எழுதிய பட்டியலில் நான்கை அடித்துவிட்டால் அவரும் காரை நிறுத்தலாம். இறங்கி, ஒரு கோப்பைச் சூடான தேநீருடன் அந்த மலையைப் பார்க்கலாம். ஒரு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் வெறுமனே விட்டுவைத்தால், மழை வந்தாலும் சாலை மூடினாலும் பயணம் கெடாது. இலைகள் அடுத்த ஆண்டும் சிவக்கும். போன அனைவரும் நலமாக வீடு திரும்புவதுதான் முக்கியம்.