நரகத்தில் ஒரு ‘நீங்க’

இன்னைக்கு நரகத்துக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரப்போறோம். பயப்படாதீங்க, ரிட்டர்ன் டிக்கெட் உண்டு.

இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதிய ‘டிவைன் காமெடி’ மொத்தம் 100 பகுதிகள் கொண்ட கவிதை. அதில் முதல் 34 பகுதிகள்தான் ‘இன்ஃபெர்னோ’, அதாவது நரகம். கதை நடப்பது 1300-ஆம் ஆண்டு, ஈஸ்டர் சமயத்தில். காட்டில் வழிதவறிய தாந்தேவை, செத்துப்போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆன ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வந்து கூட்டிட்டுப் போகிறார். எல்லாத்துக்கும் உள்ளர்த்தம் உண்டு. காடுன்னா தடம்மாறிய வாழ்க்கை, வெர்ஜில்னா மனுஷ அறிவு.

நான் கோட் எழுதுற ஆள். அதனால முதலில் என்னை இழுத்தது அந்த நரகத்தோட டிசைன்தான். ஒன்பது வட்டங்கள், கீழே போகப்போகக் குற்றம் பெரிசு. ஒவ்வொரு தண்டனையும் குற்றத்தோட கண்ணாடி. எதிர்காலத்தைப் பார்க்கிறேன்னு சொன்ன குறிகாரர்களுக்குத் தலை பின்பக்கம் திரும்பியிருக்கும். அடி ஆழத்தில் நெருப்பே கிடையாது, பனிக்கட்டிதான். துரோகிகள் அதில் உறைந்து கிடக்கிறார்கள். பக்கா ரூல் என்ஜின்!

ஆனா அந்த ரூல் கவிஞரையே உலுக்குகிற ஒரு இடம் இருக்கு. 15-ஆம் பகுதி.

ஏழாவது வட்டம். கொதிக்கிற மணல்வெளி, மேலிருந்து நெருப்பு பூவாக உதிர்கிறது. தாந்தே ஒரு கல் கரைமேல் நடக்கிறார். கீழே ஓடும் கூட்டத்திலிருந்து ஒருவர் அவர் ஆடையின் ஓரத்தைப் பிடிக்கிறார். முகமெல்லாம் வெந்திருக்கிறது. ஆனாலும் தாந்தேவுக்கு அடையாளம் தெரிகிறது. அவர் புருனெட்டோ லத்தீனி. ஃப்ளாரன்ஸ் நகரத்து அறிஞர், தாந்தே ஆசானாக மதித்த மனிதர்.

இப்போ கவனிங்க. இத்தாலிய மொழியிலும் நம்ம மாதிரியே நீ, நீங்கன்னு ரெண்டு உண்டு. நரகத்தில் தாந்தே கிட்டத்தட்ட எல்லாரையும் ‘நீ’ன்னுதான் பேசுகிறார், வெர்ஜிலைக்கூட. ‘நீங்க’ மிகச் சிலருக்குத்தான். வெந்த முகத்தோடு நிற்கிற புருனெட்டோவுக்கு அது கிடைக்கிறது. நெருப்புக்குப் பயந்து தாந்தே கீழே இறங்கவில்லை. ஆனா மரியாதையாகத் தலையைக் குனிந்தபடியே கூட நடக்கிறார். மனுஷன் தன்னை எப்படி அழியாதவனாக்கிக்கொள்ளலாம்னு கற்றுக்கொடுத்தது நீங்கதான் என்கிறார்.

புருனெட்டோவின் குற்றம் என்னன்னு அந்தக் காட்சி பெயர் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் தன்பாலீர்ப்புன்னு புரிந்துகொள்கிறார்கள். அந்தக் காலத்துத் திருச்சபைக்கு அது பாவம். நமக்கு அது குற்றமே இல்லை. அதனாலதான் இந்தக் காட்சி இன்னும் வலிக்கிறது. தாந்தே தன் காலத்து ரூலை எதிர்த்துக் கேட்கவில்லை. அவரை அங்கே வைத்ததும் வேற யாரும் இல்லை, அவரேதான். ஆனா அந்தத் தீர்ப்புக்காக நன்றியை அழிக்கவும் அவரால் முடியவில்லை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கிறது.

இன்னொரு விஷயம். தீர்ப்பு வாங்குவது எப்படி இருக்கும்னு தாந்தேவுக்கே தெரியும். எதிர்க்கோஷ்டி ஆட்சியைப் பிடித்ததும், 1302-ல் அவரை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். சிக்கினா உயிரோடு எரிக்கணும்னு உத்தரவு. 1321-ல் ராவென்னாவில் இறக்கும்வரை ஃப்ளாரன்ஸ் திரும்பவே இல்லை. அந்தத் துரத்தலைத்தான் கவிதைக்குள் புருனெட்டோ முன்கூட்டியே சொல்லி எச்சரிக்கிறார். அவரும் ஒருகாலத்தில் அதே ஊரைவிட்டுப் பிரான்ஸில் அகதியாக இருந்தவர்.

நம்ம டைம்லைனில் ஒருத்தர் பெயர் அடிபட்டதும் ‘அவர்’ ‘அவன்’ ஆக எவ்வளவு நேரம் ஆகுது? தப்பைத் தப்புன்னு சொல்லத்தான் வேணும், அதில் சமரசம் இல்லை. ஆனா அவரிடம் கற்றது பொய்யாகிடுமா? தீர்ப்பு சொல்ற நம்ம ரூல் சரிதானான்னும் ஒருதடவை பார்க்கணும்ல?

பேச்சு முடிந்ததும் புருனெட்டோ தன் கூட்டத்தைப் பிடிக்க ஓடுகிறார். பந்தயத்தில் தோற்றவர் மாதிரி இல்லை, ஜெயித்தவர் மாதிரி ஓடுகிறார்னு தாந்தே எழுதுகிறார்.

முழுசா படிக்க நேரமில்லைன்னா அந்த 15-ஆம் பகுதியை மட்டுமாவது படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். டாட்டா!